உயர்ந்து நிற்பதா, ஊன்றி நிற்பதா?

“அகலக் கால் வைக்காதே” என்பது நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் அறிவுரை. மனிதருக்கு அது பொருந்தலாம், வண்டிக்குப் பொருந்தாது. நான்கு சக்கர வண்டிக்கு அகலக் காலே பாதுகாப்பு. அதற்கு ஆகாதது உயரக் கால். இந்த எளிய உண்மையை மறந்துவிட்டு, நம் பகுதி இளைஞர்கள் சிலர் தங்கள் ஜீப்புகளின் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியைத் தூக்கி நிறுத்துவதில் ஒருவரோடொருவர் போட்டியிடுகின்றனர். அது நம் கடற்கரைக்குப் பெரும்பாலும் வேண்டாத வேலை. வேண்டியிருந்தாலும் அரைகுறையாகச் செய்யக் கூடாத வேலை என்பது என் கருத்து. அந்தக் கருத்துக்கு நான் வந்த வழியைப் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

என் ஊர் புன்னைக்காயல். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களுள் ஒன்று. அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து பணிபுரிந்த ஊர் என்பதைத் தமிழ்த்துறை நண்பர்கள் அறிவார்கள். ஒருபுறம் ஆறு, மறுபுறம் கடல். இடையில் உப்பளமும் அலையாத்திக் காடும் மணலும். இங்கே வண்டி ஓட்டுவது எளிதன்று. ஆகவே, “கொஞ்சம் உயரமான வண்டியாக இருந்தால் நல்லது” என்ற எண்ணம் எவருக்கும் தோன்றுவது இயல்பே.

அந்த எண்ணம் மோகமாக மாறியது 2023-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பிறகுதான். அவ்வாண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாள் கணக்கில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆறு கரைமீறியது. சாலைகள் அறுந்தன. கடலில் ஓட வேண்டிய படகுகள் தெருக்களில் ஓடி மக்களை மீட்டன. அந்தக் காட்சியைக் கண்டவர்களுக்கு, உயர்ந்து நிற்கும் வண்டி ஒரு காவல் தெய்வம் போலத் தோன்றியதில் வியப்பில்லை.

என் பெரியப்பா மகன் அண்ணனிடம் ஒரு பழைய நான்கு சக்கர இயக்க ஜீப் உண்டு. காலையில் மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றுவார். மாலையில் உறவினர்களை ஏற்றிக்கொண்டு நல்லது கெட்டதுக்குப் போய்வருவார். பல ஆண்டுப் பாரத்தில் பின்பக்கப் பட்டை படுத்துவிட்டது. பழுது பார்க்கப் போன இடத்தில் பட்டறைக்காரர், “அண்ணாச்சி, பெரிய வண்டியோட நீளப் பட்டை ஒண்ணு கிடக்கு. போட்டுட்டா பின்னால ரெண்டு இஞ்சு ஏறிரும். வண்டி புலி மாதிரி நிக்கும்” என்றார். அண்ணன் ஒப்புக்கொண்டார். நீளப் பட்டைக்கு இடம் போதாததால், சட்டத்தில் சேக்கிள் பிடிக்கும் இடத்தைப் பின்தள்ளிப் பற்றவைத்தார்கள். வண்டி உண்மையிலேயே புலி போலத்தான் நின்றது, பாயப் போகும் புலி போலப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு.

வீட்டுக்கு முன் நின்ற வண்டியைப் பார்த்த என் அப்பா, “ஏலே, தோணியில பாரத்தைக் கீழ வைப்பியா, மேல வைப்பியா?” என்று கேட்டார்.

“கீழதான் சித்தப்பா.”

“அப்போ வண்டிய மட்டும் ஏன்ல மேல தூக்குத?”

நாங்கள் சிரித்துவிட்டோம். கடலில் காலம் கழித்தவருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணினோம். மூன்று மாதத்தில் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தோம்.

ஆத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து எட்டுப் பேர் திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் ஒருவன். பொழுது சாயும் நேரம், மெல்லிய தூறல். ஒரு மாடு குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். முன்சக்கரங்கள் இறுகிச் சறுக்கின, வண்டி நிற்கவில்லை. மாட்டை விலக்கத் திருப்பியபோது உடல் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தது. சாலையை விட்டு இறங்கி, மண்கரையில் மோதி நின்றோம். கவிழவில்லை என்பது எங்கள் நல்லூழ். ஆனால் பெரியம்மாவின் வலக்கை முறிந்தது. மீன் கூடை தூக்கிக் குடும்பத்தை நடத்திய கை அது. ஆறு மாதம் அவர் தொழிலுக்குப் போகவில்லை. பெரியம்மா இன்றுவரை அண்ணனை ஒரு சொல் கடிந்ததில்லை. அதுதான் அண்ணனுக்குப் பெரிய தண்டனை.

அண்ணன் வேகமாக ஓட்டுபவர் அல்லர், குடிப்பவரும் அல்லர். பிறகு ஏன் வண்டி நிற்கவில்லை? தூத்துக்குடியில் அனுபவமுள்ள முதிய மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொன்னார். சுமை ஏற்றும் வண்டிகள் பலவற்றிலும், சில ஜீப் வகைகளிலும், பின்பிரேக்கின் விசையைச் சுமைக்கேற்ப மாற்றும் ஒரு வால்வு உண்டு. வால்வு சட்டத்தில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி பின் ஹவுசிங்குக்குப் போகும். பாரம் ஏறினால் சட்டம் தாழ்ந்து ஹவுசிங்கை நெருங்கும். கம்பி வால்வைத் திறந்து பின்பிரேக்குக்கு முழு விசை தரும். பாரம் இல்லாதபோது சட்டம் உயர்ந்திருக்கும். வால்வு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். இல்லையேல் வெறும் வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். நீளப் பட்டை போட்டுச் சட்டத்தை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டோம். கம்பியை மாற்றியமைக்கவில்லை. எட்டுப் பேர் ஏறியும் பெரிய வண்டியின் முரட்டுப் பட்டை தாழவில்லை. வண்டியில் எட்டு உயிர்கள். ஆனால் வால்வின் கணக்கில் வண்டி காலி! ஆகவே பின்பிரேக்குக்குப் போக வேண்டிய விசை போகவே இல்லை. ஒரு சாண் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டதற்கு ஒரு கை முறிந்தது.

அன்றிலிருந்து இந்தப் பட்டை விவகாரத்தை ஓர் இயற்பியல் மாணவனாக ஆராயத் தொடங்கினேன். உயர்த்துபவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: மணல், வெள்ளம், பாரம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது மணல். ஜீப் போன்ற வண்டியின் பின்புறத்தில் தரைக்கு மிக அருகில் இருப்பது எது? இரு சக்கரங்களுக்கு நடுவே உருண்டு திரண்டிருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங். அது ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரங்களோடு பிணைந்து நிற்பது. ஸ்பிரிங்கை எவ்வளவு நீட்டினாலும் அது ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றுதான். ஸ்பிரிங் உயர்த்துவதெல்லாம் சட்டம், பம்பர், படிக்கட்டு, பெட்ரோல் தொட்டி ஆகியவற்றைத்தான். வரப்பையோ உப்பளக் கரையையோ கடக்கும்போது வயிறு தட்டாமலிருக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் மணலில் வண்டி புதைவது உயரக் குறைவால் அன்று. சக்கரம் தரையை அழுத்தும் அழுத்தம் மிகுதியாவதால். 30 பவுண்டு காற்றை 15 அல்லது 18 பவுண்டாகக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து, அதே எடை கூடுதல் பரப்பில் அமர்கிறது. பாலைவனங்களில் ஓட்டுபவர்கள் முதலில் செய்வது இதைத்தான். செலவு ஒரு காசும் இல்லை. திரும்பத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பிக்கொள்ள ஒரு சிறு பம்பு வேண்டும், அவ்வளவே.

இரண்டாவது வெள்ளம். தேங்கிய நீரில் இரண்டங்குல உயரம் ஓரளவு உதவலாம். ஓடும் நீரின் கதை வேறு. ஓரடி ஆழத்தில் ஓடும் நீர் சிறிய கார்களை நகர்த்திவிடும். இரண்டடி என்றால் பெரிய வண்டிகளையும் அடித்துக்கொண்டு போகும். அடியில் சாலை இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. அந்த வேளையில் இரண்டங்குலம் தரும் துணிவு பொய்த் துணிவு. 2023-இல் நம்மைக் காத்தவை படகுகள். தூக்கி நிறுத்திய ஜீப்புகள் அல்ல.

மூன்றாவது பாரம். “பின்பக்கம் தொங்குகிறது, அதனால் நீளப் பட்டை போட்டேன்” என்பார்கள். இங்கே இயற்பியல் ஒரு வேடிக்கை செய்கிறது. பட்டையின் விறைப்பு அதன் நீளத்தின் கனமடங்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். அகலமும் தடிப்பும் எண்ணிக்கையும் மாறாமல், நீளம் மட்டும் 10 விழுக்காடு கூடினால், விறைப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதாவது, நீளப் பட்டை என்பது இயல்பில் மெத்தென்ற பட்டை. நன்கு வடிவமைத்த வண்டியில் அது சுகமான பயணத்தையும், மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விடாத தன்மையையும் தரும். ஆனால் பட்டறையில் என்ன செய்கிறார்கள்? மெத்தென்று போன பட்டை பாரத்தில் அமுங்குகிறதே என்று மேலும் இரண்டு பட்டைகளைச் செருகுகிறார்கள். விளைவு, கட்டை வண்டி. குழியில் ஒரு சக்கரம் இறங்கும்போது மறு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். கரடுமுரடான பாதைக்கென்று செய்த மாற்றம், கரடுமுரடான பாதையிலேயே வண்டியைக் கைவிடுகிறது. பட்டை படுத்துவிட்டால், கம்பெனி அளவிலேயே புதுக் கட்டு போடுவது அல்லது பழைய பட்டையை முறையாக வளைவேற்றி வாங்குவதுதான் மருந்து. அதோடு, ஏற்றும் பாரத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, உயர்த்துவதால் வரும் பக்கவிளைவுகளைப் பார்ப்போம். அனைத்தும் நம் வகுப்பறைக் கணக்குகளே.

இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண் வண்டியின் உறுதிக்கு ஓர் அளவுகோல். அமெரிக்க அரசு 2001 முதல் கவிழும் அபாயத்தை மதிப்பிட இதைப் பயன்படுத்தி வருகிறது. கணக்குக்காக ஒரு ஜீப்பில் பாதி அகலம் 70 செ.மீ., ஈர்ப்பு மைய உயரம் 70 செ.மீ. எனக் கொள்வோம். விடை 1. முன்னும் பின்னும் உயர்த்தி, மையம் 77 செ.மீ. ஆனால் விடை 0.91. கட்டைபோல அசையாத வண்டி 45 பாகை சாய்வில் கவிழும் என்றால், இது 42 பாகையிலேயே கவிழும். ஸ்பிரிங்மீது ஆடும் உண்மை வண்டிக்கு நிலைமை இன்னும் மோசம். “பாரத்தை ஏன்ல மேல தூக்குத?” என்று அப்பா கேட்டதும் இந்தக் கணக்கைத்தான். அவர் தாளில் எழுதவில்லை, அவ்வளவே வேறுபாடு.

பின்புறத்தை மட்டும் 5 செ.மீ. உயர்த்தினால் என்ன ஆகும்? முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 240 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வண்டி முழுவதும் ஒன்றேகால் பாகை அளவுக்கு மூக்கைக் கவிழ்க்கும். அந்த அளவுக்கு முன்சக்கரத்தின் சாய்வுக் கோணம் குறையும்; ஸ்டியரிங் தானே நேருக்குத் திரும்பும் குணம் தளரும்; நெடுஞ்சாலையில் வண்டி அலையும். விளக்கும் கவிழும். தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கும் விளக்கின் தாழ்ந்த ஒளி 100-க்கு 1 என்ற சரிவில் இருந்தால் 80 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். பின்புறம் உயர்ந்தபின் சரிவு 100-க்கு 3-க்கு மேல். ஒளி 26 மீட்டரிலேயே விழுந்துவிடும். இரவில் சாலையில் படுத்திருக்கும் மாடு எத்தனை மீட்டர் தொலைவில் தெரிய வேண்டும் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் தண்டு. குட்டை ஜீப்பில் தண்டும் குட்டை. 60 செ.மீ. தண்டின் ஒரு முனை 5 செ.மீ. உயர்ந்தால் கோணம் ஏறத்தாழ 5 பாகை கூடுகிறது. அதன் இரு முனையிலும் உள்ள ஜாயிண்ட் சாய்ந்து சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். இருபுறக் கோணமும் ஒத்திருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஒவ்வாவிட்டால் நடுக்கம், இரைச்சல், முடிவில் ஜாயிண்ட் முறிவு. இவற்றோடு, ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே நீண்ட நிலையில் நிற்பதால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதுவே இழுபட்டுக் கழன்றுபோகும். நீளமான ஷாக் அப்சார்பர் போட்டாலோ, சக்கரம் இன்னும் கீழே இறங்கி, சட்டத்திலிருந்து ஹவுசிங்குக்குப் போகும் பிரேக் ஓஸை இழுக்கும். அதையும் நீளமாக மாற்ற வேண்டும்.

பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிகளுக்கும் விதிவிலக்கு இல்லை. 2010-இல் வந்த மகிந்திரா தாரில் பின்புறம் பட்டை. 2020-இல் வந்த புதிய தாரில் சுருள். சுருள் வண்டிகளில் ஹவுசிங்கைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பி இருக்குமானால், வண்டி உயர்ந்ததும் அந்தக் கம்பி ஹவுசிங்கை ஒரு பக்கம் இழுத்துவிடும். நீளச் சுருள் வாங்கிப் போட்டால் போதும் என்பது இங்கும் பொய்யே. உடம்பில் ஓர் எலும்பை நீட்டினால் நரம்பையும் தசையையும் நீட்ட வேண்டாமா? ஸ்பிரிங் ஒரு சங்கிலியின் ஒரு வளையம். அதை மட்டும் மாற்றிவிட்டுச் சங்கிலி சரியாக இருக்கும் என்று நம்புவது பேதைமை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று விதித்தது. அபராதத்துக்கு அஞ்சி நடக்கச் சொல்வது என் நோக்கமன்று. ஆயினும், விபத்து நேர்ந்தபின் வழக்கு மன்றத்திலும் காப்பீட்டு அலுவலகத்திலும் நிற்க வேண்டியவர் பட்டறைக்காரர் அல்லர், வண்டிக்காரர்தான்.

“அப்படியானால் மலைப் பாதையில் ஓட்டுபவர்கள்?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சூரியநெல்லிப் பக்கமிருந்து கொழுக்குமலைக்குப் பாறை உருண்ட பாதையில் ஜீப்புகள் ஏறுகின்றன. அங்கே வண்டியை ஏற்றுவது நான்கு சக்கர இயக்கம், தாழ்ந்த கியர், பாதையை மனப்பாடமாக அறிந்த ஓட்டுநரின் பொறுமை. உயரம் அவற்றுக்குப் பின்னே வருவது. உண்மையிலேயே உயரம் தேவைப்படும் தொழில் செய்பவர் இருக்கிறார். அவர் அந்த வண்டிக்கென்றே கணக்கிட்ட ஸ்பிரிங்கையும், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், பிரேக் ஓஸ், தண்டின் கோணத்தைச் சரிசெய்யும் ஆப்புத் தகடு, விளக்குச் சீரமைப்பு, பிரேக் வால்வுச் சீரமைப்பு அனைத்தையும் ஒருசேரச் செய்யட்டும். உரிய அனுமதியும் பெறட்டும். செலவு மும்மடங்காகும். அந்தச் செலவைக் கேட்டதும் பாதிப் பேருக்கு உயரத்தின் தேவை மறைந்துவிடும் என்பது என் எண்ணம்!

நம் கடற்கரைக்குத் தேவையான வேலை வேறொன்று இருக்கிறது. உப்புக் காற்று பட்டைகளுக்கிடையே புகுந்து துருவை உண்டாக்குகிறது. துருப்பிடித்த சிறு குழியிலிருந்துதான் மெயின் பட்டையில் விரிசல் தொடங்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வண்டியின் அடியைக் கழுவுவதும், சேக்கிளுக்கு கிரீஸ் வைப்பதும், யூ போல்ட்டை முடுக்கிப் பார்ப்பதும் யாரும் படம் பிடித்துப் பாராட்டாத வேலைகள். உயிரைக் காப்பவை அவைதான்.

அண்ணன் அந்த நீளப் பட்டையைக் கழற்றிவிட்டார். பழைய அளவிலேயே புதுக் கட்டு போட்டு, வால்வுக் கம்பியையும் சீர்செய்துகொண்டார். புலி மீண்டும் ஜீப் ஆயிற்று. பெரியம்மா இப்போது கூடையை இடக்கையால் தூக்கப் பழகிவிட்டார்.

நண்பர்களே! ஈர்ப்பு மையம் என்றால் என்ன என்று கேட்டால் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். அது தேர்வுத்தாளோடு நின்றுவிடுகிறது. பட்டறை வாசலில் நிற்கும்போதும் அது நினைவுக்கு வர வேண்டாமா? வண்டியைத் தூக்கச் சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம்: இந்த உயரம் எதற்கு? இதனோடு வேறு எவையெல்லாம் மாற வேண்டும்? பின் இருக்கையில் அமரப்போகிறவர் யார்? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் உயர்த்துங்கள். கிடைக்காவிட்டால், வண்டி இருந்தபடியே இருக்கட்டும்.